அங்கத்தினர் லாசரஸ்

லாசரஸ் சாருக்கு 'மெம்பர்' என்ற சொல்லே ஆகாது. கிழக்குத் தாம்பரம் மனமகிழ் மன்றத்தில் முப்பது வருஷமாக மாலைதோறும் கேரம் ஆடுகிறவர். யார் கேட்டாலும், "நான் அங்கத்தினர்" என்பார். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திய வாய். 'உறுப்பினர்'கூட அவருக்கு நேற்று முளைத்த சொல்தான்.

போன வருஷம் செயலாளர் ஜெயஸ்ரீ விதிப் புத்தகத்தைப் புதிதாக அச்சடித்து, எல்லா இடத்திலும் 'உறுப்பினர்' என்று மாற்றினார். மனுஷர் குதி குதியென்று குதித்துவிட்டார். தொல்லை தாங்காமல் அவருடைய மன்ற அட்டையில் மட்டும் 'அங்கத்தினர்' என்று போட்டுக் கொடுத்தார் ஜெயஸ்ரீ. லாசரஸ் அதைக் காய்கறிக் கடையில்கூடக் காட்டினாராம்!

இந்தச் சித்திரையில் அவர் மனைவி ரத்தினபாய் இறந்துபோனார். மகள் சுஜி அப்பாவைக் கூடுவாஞ்சேரிக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கே ஒரு குறையுமில்லை, பகலெல்லாம் பேச ஆள்தான் இல்லை. ஆனால் மன்றத்து விதியோ கறார்: தாம்பரத்தை விட்டுக் குடிபோனால் பெயர் நீக்கப்படும். லாசரஸ் மூச்சுவிடவில்லை. தினமும் ரயிலேறி வந்து, பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்தவர்போல உட்கார்ந்துகொள்வார். மன்றமும் போய்விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

ஒரு செவ்வாய்க்கிழமை சட்டைப் பையிலிருந்து ஸ்ட்ரைக்கரை எடுத்தபோது, கூடவே சீசன் டிக்கெட்டும் பலகைமேல் விழுந்தது. எதிரே ஆடிய குப்புராஜ் எடுத்துப் படித்துவிட்டான்.

"இன்னா சார், கூடுவாஞ்சேரி டு தாம்பரம்னு கீது? வூடு மாத்திட்டியா?"

மன்றமே திரும்பிப் பார்த்தது. லாசரஸ் எழுந்து, அட்டையை ஜெயஸ்ரீயின் மேஜைமேல் வைத்தார்.

"பொய் சொல்லிட்டேன் மேடம். பேரை எடுத்துடுங்க."

ஜெயஸ்ரீ நிதானமாகக் கண்ணாடியை மாட்டி, விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"'தாம்பரத்தில் குடியிராத உறுப்பினரின் பெயர் நீக்கப்படும்.' சரி. குப்புராஜ், சார் கார்டுல என்ன போட்டிருக்கு?"

"அங்கத்தினர்."

"அப்புறம் இந்த ரூல் சாருக்கு எப்படி வரும்? இது உறுப்பினருக்கு. அங்கத்தினருக்கு நான் இன்னும் ரூலே எழுதல."

இரண்டுக்கும் ஒரே பொருள் என்று எத்தனையோ வகுப்புகளில் எழுதிப்போட்டவர் லாசரஸ். திருத்துவதற்கு வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, அட்டையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்:

"யார் ஆட்டம் குப்புராஜ்?"