முருகனுக்குப் பின்னால் ஒரு வாசகர் கடிதம்

கம்பஸ் கட்டுரைக்காக சென்னையிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். அது தொடங்கிய கதை, மாறிய அட்டைகள், ஊரையே காத்திருக்க வைத்த தொடர்கதைகள் எல்லாம் போனிலேயே கிடைத்தன. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பதினாறு வயதில் அம்மா அதற்கு எழுதிய வாசகர் கடிதம். அது இருக்கும் இடம் எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் சுவரில், முருகனுக்குப் பின்னால்.

பத்திரிகை கடல் தாண்டி, கொழும்பில் ரயிலேறி, பதுளைக் கடைக்கு வந்துசேர இரண்டு வாரமாகுமாம். கடைக்கார நானா தோட்டத்து லொறியில் கொடுத்தனுப்புவார். லயத்தில் அதற்குப் பெயர் 'பொஸ்தகம்'. வேறு பொஸ்தகம் இல்லாததால் குழப்பமும் இல்லை. ஒரே பிரதி பத்துக் காம்பராவும் சுற்றி, மஞ்சளும் எண்ணெயும் பூசிக்கொண்டு திரும்பி, கடைசியில் கோதுமை மாப் பசையோடு சுவருக்குப் போகும்.

நான் எழுத்துக்கூட்டிப் படித்ததே அந்தச் சுவரில்தான். பனி கதவிடுக்கில் நுழைந்து காம்பராவுக்குள் நடமாடும் காலைகளில், போர்வைக்குள்ளிருந்தே வாசிப்பேன். என் தலைமாட்டில் ஒரு தொடர்கதைப் பெண் பெட்டியோடு ரயிலேறிக்கொண்டிருந்தாள். அடுப்புப் புகையில் அவள் சேலை வருஷா வருஷம் பழுப்பாகிக்கொண்டே வந்தது. அவள் எங்கே போனாள் என்பது தாளின் மறுபக்கம், சுவரைப் பார்த்தபடி ஒட்டியிருந்தது. எங்கள் தெமோதரை ஸ்டேஷனில்தான் இறங்கியிருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கீழே ரயில் ஊதும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன்.

அம்மாவின் கடிதத்துக்கும் அதுதான் நடந்தது. "உங்க தோட்டத்துப் புள்ள எழுதினது வந்திருக்கு" என்று நானா லொறிக்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தார். அம்மா கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஓடிவந்தபோது தாத்தா சுவர் முன்னால் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. நடுப்பக்கத்தில் கலர் முருகனைப் பார்த்திருக்கிறார், வெட்டி ஒட்டி, சூடமும் ஏற்றிவிட்டார். மற்றப் பக்கங்களில் கடிதம் இல்லை, முருகனின் மறுபக்கத்தில்தான் இருக்க வேண்டும். சூடம் காட்டிய சாமியை யார் கிழிப்பது? அம்மா தன் எழுத்தை அச்சில் பார்க்கவேயில்லை.

பக்கத்துக் காம்பரா அத்தை சும்மா இருப்பாரா? "நானா வேற தோட்டத்துப் புள்ளயச் சொல்லியிருப்பாரு மதினி. நீ முருகனுக்குக் கும்புடுறியா, முதுகுக்குக் கும்புடுறியா?" எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார். ஆனால் அது தன் கடிதம்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு கண்டார்கள். மண்சரிவு வரலாமென்று புது வீடுகளுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சாமான் கட்டிய ஞாயிற்றுக்கிழமை, அம்மா சுவர் முன்னால் சூடம் ஏற்றினார். "கூட்டிட்டுத்தான் போறேன், கோவிச்சுக்காத" என்றார். பிறகு என்னிடம், "கிழிஞ்சிறாம எடுடி."

ஈரத் துணியை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். மத்தியானமாகும்போது சுண்ணாம்புச் செதிலோடு முருகன் முழுசாக என் கைக்கு வந்தார். திருப்பினேன். நான்கு வரி. கீழே எங்கள் தோட்டத்தின் பெயர், அம்மாவின் பெயர்.

"ஓங்க பேருதாம்மா!"

அம்மா "படி" என்றார்.

"'தினமும் காலையில் புரட்டிப் பார்த்து, உங்கள் தொடர்கதையைப் பற்றியே பேசுகிறோம்...'"

வாசலில் நின்ற அத்தை விடவில்லை. "காலையில புரட்டிப் பாத்தியா? எதை மதினி, ரொட்டியையா?"

"புரட்டியா?" அம்மா தாளைப் பிடுங்காத குறை. "பெரட்டுன்னுல்ல எழுதுனேன்! காலைப் பெரட்டுல பேசுறோம்னு!"

விடியலில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டு, சென்னையில் இருந்த யாருக்குத் தெரியும்? எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார்கள். அத்தை சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "பெரட்டுன்னா அது நீதான் மதினி. வேற எவ எழுதுவா?"

அம்மா தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. உதடசைய ஒருமுறை வாசித்தார். இன்னொருமுறை. மூன்றாம் முறை சத்தமாக வாசித்தார், அச்சில் இருந்ததை அல்ல, தான் எழுதியதை.