புகைவரிக் கூட்டத்துக்குப் போன அம்பி

1971 – 9
1977 – 34
1984 – 88
1990 – 171
1993 – 297
1996 – 402
1997, செப்டம்பர் 27 வரை – 311
எல்லா வருஷமும் சேர்த்து மொத்தம் – 3,449

மேற்கு மாம்பலத்தில் அம்பி நடத்திய டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தேறியவர்களின் தொகை இது. பெயர், விலாசம், சேர்ந்த தேதி, லைசென்ஸ் கையில் கிடைத்த தேதி என்று ஒருவரையும் விடாமல் தடித்த நோட்டு ஒன்றில் ஏற்றியிருந்தார். இருபத்தாறு வருஷத்தில் அடித்தல் திருத்தல் ஆறே இடத்தில்தான்.

ஒரு கம்பெனி அதிகாரியின் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர், அந்த அதிகாரி பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தள்ளிவிட்டபோது தானே வாங்கிக்கொண்டார். புதுப்பேட்டை மெக்கானிக் குலாம் ரசூல் அதில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்துக்கு இன்னொரு பிரேக்கும் இன்னொரு கிளட்சும் பொருத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து ரசூலும் கூடவே இருந்துவிட்டார். பின்னால் ஹெரால்டு போய் இரண்டு மாருதிகள் வந்தன.

அம்பியிடம் சேர்ந்தவருக்கு முதல் மூன்று நாள் ஸ்டியரிங் கிடையாது. ஸ்கூலைச் சுற்றியுள்ள பதினான்கு தெருக்களையும் அவரோடு நடந்து பார்க்க வேண்டும். எந்த மூலையில் மாடு படுத்திருக்கும், எந்தப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும், எந்தக் கிழவர் பார்க்காமல் குறுக்கே வருவார் என்பதெல்லாம் மனப்பாடமாக வேண்டும். நாலாம் நாள்தான் வண்டி. அதே பதினான்கு தெருக்களில்தான் பாடம் முழுவதும். பெரிய சாலையில் புதியவர்களை விட முடியாது. நந்தனத்து மைதானம் வரை போய் வந்தால் அரை மணி வகுப்பில் எட்டு நிமிஷம்கூட மிஞ்சாது. அந்தத் தெருக்கள் இருந்தால் ஸ்கூல் உண்டு, இல்லையென்றால் இல்லை.

1997 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை, முதல் கடிதம் வந்தது. குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து அமைத்த ஆலோசனைக் குழு அனுப்பியது. பதினான்கு தெருக்களிலும் கார் வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் வருஷத்துக்கு அறுநூறு ரூபாய் புகைவரி தரலாமா, அந்தப் பணத்தில் ஸ்டேஷனுக்குச் சின்ன பஸ் விட்டு நடைபாதையைச் சரிசெய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். செப்டம்பர் 28, ஞாயிறு காலை, தியாகராய நகர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டம். அங்கே எடுக்கும் முடிவு சிபாரிசாக மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகும்.

அம்பி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"காருக்கு வரி போட்டா யார் கார் வாங்குவா? யாரும் வாங்கலேன்னா எங்கிட்ட யார் வருவா?"

மனைவி சுப்புலக்ஷ்மி ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எழும்பூரில் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை.

"உங்களுக்கே கார் கிடையாது. ஸ்கூல் வண்டியில ஒரு நாள் என்னை ஸ்டேஷன்ல விட்டிருக்கேளா? நடந்துதானே போறேன்."

"அது பாடத்துக்கு உள்ள வண்டிடீ."

"அப்போ வரி போடட்டுமே. சின்ன பஸ் வந்தா எனக்கு முட்டி வலி மிச்சம்."

அம்பி கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தார். கூட்டத்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டார். எத்தனை குடும்பம் தன்னால் ஓட்டக் கற்றது என்று தெரிந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று நம்பினார்.

கூட்டம் காலை பத்து பத்துக்குத் தொடங்கியது. வந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். தலைவர் ஸ்ரீரங்கன், ஓய்வுபெற்ற என்ஜினியர்; 1979இல் அம்பியிடம் கற்றவர். யோசனையைக் கொண்டுவந்த வர்ஷினி ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவள். அவளும் 1991இல் அம்பியிடம் கற்றவள்தான். பெட்ரோல் எரிந்து வரும் கரிவாயு பூமியைப் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது, துருவத்துப் பனி உருகுகிறது, டிசம்பரில் ஜப்பானில் எல்லா தேசங்களும் கூடி இதைத்தான் பேசப்போகின்றன என்றாள்.

"ஜப்பான்ல கூடினா மாம்பலத்துல ஏம்மா வரி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பனி உருகறதா? கரண்ட் இல்லாம எங்காத்து ஃப்ரிட்ஜே தினம் உருகறது!"

சிரிப்பு அடங்குவதற்குள் மிக்கேல் எழுந்தார். பாலவாக்கத்துக்காரர். அந்தத் தெருக்களில் சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்பவர்.

"சிரிக்காதீங்க சார். கடல் ஏறிச்சின்னா மொதல்ல எங்க குப்பம்தான் முழுவும். நாங்க இன்னா காரா வச்சிகினு கீறோம்? பொக நீங்க வுடுவீங்க, தண்ணி எங்க வூட்டாண்ட வருமா?"

"மிக்கேலு, நீ மீன் விக்க வந்தியா, வோட்டு கேக்க வந்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதான் நைனா, ரெண்டுலயும் நீங்க பேரம் பேசுவீங்க."

மண்டபமே சிரித்தது. அந்த இடத்தில்தான் அம்பி நோட்டோடு மேடைக்குப் போனார்.

"நான் பேச்சாளன் இல்லை. எங்கிட்ட கத்துண்டவா மூவாயிரத்து நானூத்து நாப்பத்தொம்பது பேர். பேரும் தேதியும் இதுல இருக்கு. ஒருத்தர்கூடப் பெரிய விபத்துல மாட்டிண்டதில்லை. இங்க இருக்கறவாள்ல எங்கிட்ட கத்துண்டவா கை தூக்குங்கோ."

அறுபத்தொரு கைகள் எழுந்தன. ஸ்ரீரங்கன் கை, வர்ஷினி கை உட்பட. கைதட்டல் நிற்க நேரமானது. அம்பியின் முகம் சிவந்துவிட்டது.

வர்ஷினி பக்கத்தில் வந்தாள். "மாமா, அந்த நோட்டை ஒரு நிமிஷம் குடுக்கறேளா?"

அவர் மகிழ்ச்சியாகவே கொடுத்தார். அவள் மேடையில் வைத்திருந்த கரும்பலகையில் எழுதினாள். 1971இல் ஒன்பது. 1984இல் எண்பத்தெட்டு. 1996இல் நானூற்றிரண்டு.

"மூணு மாசமா இந்தக் கணக்குக்காக ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். எங்கேயும் கிடைக்கலை. மாமா கைப்பட எழுதி வெச்சிருக்கார். இவா எல்லாரும் வேண்டாம், பாதிப் பேர் தினம் ஒரு லிட்டர் போட்டு ஓட்டறான்னு வெச்சுப்போம். ஆயிரத்தெழுநூறு லிட்டர். ஒரு லிட்டருக்கு ரெண்டேகால் கிலோவுக்கு மேல கரிவாயு. கிட்டத்தட்ட நாலு டன். ஒரு நாளைக்கு. ஒரே ஸ்கூல்லேந்து."

அம்பிக்கு அந்த எழுத்துகள் தன்னுடையவை என்றே தோன்றவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் இருந்தது. பலகையில் அவை டன்னாகிவிட்டன.

"நான் ஓட்டத்தானேம்மா கத்துக்குடுத்தேன்" என்றார். குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை.

வாக்கெடுப்பு பதினொன்றே முக்காலுக்கு. புகைவரிக்கு ஆதரவு ஐம்பத்தெட்டு, எதிர்ப்பு நூற்று நாற்பத்தொன்பது, கை தூக்காதவர்கள் ஏழு. அம்பி மூச்சு விட்டார். வர்ஷினி சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

அப்போது ஒரு பாங்க் அதிகாரி எழுந்தார். நோட்டில் 1988இல் இருப்பவர்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்திருக்கோம், ஒண்ணும் பண்ணாம போகப்படாது. வரி வேண்டாம்னுட்டோம், சரி. ஆனா புகை குறையணும்கறது நியாயம்தான். இந்த எல் போர்டு வண்டிகள் நாள் பூரா முதல் கியர்லயே உறுமிண்டு, நம்ம தெருவையே சுத்தறதுகள். அதுகளுக்குப் பின்னாடி நம்ம வழியும் அடைச்சுக்கறது. அதை இந்தப் பதினாலு தெருவுலேந்து புது வருஷம் முதல் நிறுத்தினா யாருக்கும் காலணா செலவில்லை."

"சபாஷ்!" என்றது ஒரு பக்கம். மறுபக்கமும் தலையாட்டியது. ஸ்ரீரங்கன் கை தூக்கச் சொன்னார்.

அம்பி எழுந்து நின்று எண்ணினார். முதலில் தப்பாக எண்ணுகிறோமோ என்று நினைத்து மறுபடி எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு. வரி வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் அன்று முதல் தடவையாக ஒன்றாகக் கை தூக்கியிருந்தார்கள். சற்று முன் தன் பெயருக்காக எழுந்த கைகள் ஒன்று குறையாமல் அதில் இருந்தன. வர்ஷினியின் கையும் இருந்தது. முழங்கை மடங்கியபடி, ஆனால் இருந்தது.

தூக்காதவர்கள் இரண்டு பேர், அம்பியும் மிக்கேலும்.

"கத்துக்கினு கீற வண்டிதான் பொக வுடுமா?" என்று மிக்கேல் உரக்கக் கேட்டார். "கத்துகினு முடிச்ச வண்டி சாம்பிராணியா வுடுது?"

அதற்குள் நாற்காலிகள் நகரத் தொடங்கிவிட்டன.

மறுநாள் ரசூல் இரண்டு வண்டிகளையும் துடைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"அம்பி சாமி, இன்னாத்துக்கு இப்படி உக்காந்துகினு கீறீங்க? இன்னிக்கு ஒம்பது பேர் வந்து கீறாங்க."

"எல்லாரும் கை தூக்கினா ரசூல். எல்லாரும்."

"சீட்டுல உக்காந்தப்புறம் வண்டியத் தள்ளுனவன் நெனப்பு எவனுக்கு வரும்? வாங்க, மொத கிளாஸ் ஆறரைக்கு."

அக்டோபர் 6 அன்று அம்பி அலுவலகத்துக்கு ஆட்சேபம் எழுதினார். சுப்புலக்ஷ்மி டைப் அடித்துக் கொடுத்தாள். நவம்பர் 3 அன்று நினைவூட்டல். இடையில் ஒரு நாள் வர்ஷினி வீட்டுக்கு வந்தாள்.

"ஏதாவது ஒண்ணு ஆரம்பிக்கட்டும்னு தூக்கிட்டேன் மாமா. வெறுங்கையோட போக மனசு வரலை."

"இது ஆரம்பம் இல்லைம்மா. இதோட அவா முடிச்சுட்டா." அவர் ஆட்சேபக் கடிதத்தின் நகலை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடறியா?"

அவள் நின்றபடியே படித்தாள். வெகுநேரம் படித்தாள். பிறகு, "நானே கை தூக்கி வாங்கினதை நானே வேண்டாம்னு எப்படி எழுதறது?" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். காபி வேண்டாம் என்றுவிட்டாள்.

அக்டோபரில் முப்பத்தேழு பேரும் நவம்பரில் நாற்பத்தொரு பேரும் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களில் பதினாறு பேர், கூட்டத்தில் கை தூக்கியவர்களின் பிள்ளைகள். அப்பாக்கள் கூடவே வந்து, சீக்கிரம் முடித்துக் கொடுங்கள், ஜனவரியிலிருந்து இங்கே கிடையாதாமே என்று கேட்டுக்கொண்டார்கள். அம்பி அவர்களையும் முதல் மூன்று நாள் நடக்க வைத்தார்.

ஜப்பானில் தேசங்கள் கூடி உடன்பாட்டுக்கு வந்த அதே நாள், கடைசிக் கடிதம் பழுப்பு உறையில், பதிவுத் தபாலில் வந்தது. ஏழே வரி. புகைவரி யோசனை கைவிடப்பட்டது; பயிற்சி வாகனங்கள் 1.1.1998 முதல் மேற்படி பதினான்கு தெருக்களில் அனுமதிக்கப்படமாட்டா. இம்முடிவு பொதுமக்களின் ஏகோபித்த கருத்தின்பேரிலும், தாங்களே முன்வந்து கூட்டத்தில் அளித்த புள்ளிவிவரங்களின்பேரிலும் எடுக்கப்பட்டது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

அம்பி கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு, பழக்கத்தில் உறையின் மூலையில் பேனாவால் குறித்தார்: 11.12.1997, வியாழன்.