தூணுக்கு இடப்பக்கம், நீலத் தலைத்துணி

லிஃப்ட்காரர் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. வேலையில் இருந்தபோது, மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் இறங்கி, எஃகுக் கயிற்றை விரலால் தடவி, இழை இழையாகப் பார்ப்பார். சந்தேகம் வந்துவிட்டால் கயிற்றையே மாற்றினால்தான் ஆயிற்று. "கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு வந்துட்டாருய்யா" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

மனைவி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்கு முந்திய ஆண்டு ஊர் ரயில் நிலையத்தில் ஒரு சினிமாப் படம் பிடித்தார்கள். கூட்டக் காட்சிக்கு ஆள் போதவில்லையென்று தொலைபேசி நிலையத்துப் பெண்களை ஒரு நாள் அழைத்துப் போனார்கள். ரயில் கிளம்பும்போது நடைமேடையில் ஓட வேண்டும். திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிற்பாடு தொலைக்காட்சியில் அந்தப் படம் வரும்போதெல்லாம், "அதோ நான்! தூணுக்கு இடப்பக்கம், நீலத் தலைத்துணி!" என்று கத்துவாள். இவர் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் ரயில் போய்விடும்.

"உங்க கண்ணு கயித்தைத்தான் பாக்கும், பொண்டாட்டியப் பாக்காது" என்பாள்.

"அடுத்த தடவை பாக்குறேன், விடு."

அடுத்த தடவை, அடுத்த தடவை என்று காலம் ஓடி, அவளும் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் போட்டோ இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல விறைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் ஓடியதும் திரும்பியதும் சிரித்ததும் உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான் இருந்தன. அந்தப் படத்தின் பழைய பிரதி ஒன்றைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். தூண் இருந்தது; இடப்பக்கம் நீலமாக ஒரு கறை, அதன் கீழே பழுப்பாக ஒரு கறை. முகம் இல்லை.

அப்போதுதான் அந்தப் படத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து, மிகத் துல்லியமான புதுப் பிரதியாக விற்கிறார்கள் என்று தெரிந்தது. கணினியில் இறக்கினார். மலை மாதிரி ஒரு கோப்பு. பென் டிரைவ் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகினால் டிவி அதைக் கண்டுகொள்ளவில்லை. வைஃபை வழியாக அனுப்பினால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த படம் நடைமேடைக் காட்சி வந்ததும் திக்கி நின்றது. கூட்டம் அதிகமுள்ள காட்சிக்குத்தான் பாரமும் அதிகமாம்.

கணினிக் கடை நடத்தும் பெண்மணி, வீட்டு நெட்வொர்க்கில் வைக்கிற சேமிப்புப் பெட்டிதான் சரி என்றார். எந்தப் பெட்டி என்று முடிவு செய்ய லிஃப்ட்காரர் கடைக்கு நடையாய் நடந்தார்.

"ஒரு டிஸ்க் போடுறதா, ரெண்டு போடுறதா?"

"ரெண்டு போட்டா ஒண்ணுல இருக்கிறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும் ஐயா. ஒண்ணு கெட்டாலும் படம் தப்பிச்சிடும்."

"அப்ப ரெண்டு. டிவியில லேன் வயர் சொருகுற இடம் நொடிக்கு நூறு மெகாபிட்டுக்கு மேல தாங்காதுன்னு போட்டிருக்கே?"

"உங்க படம் எண்பதைத் தாண்டாது. ஐயா, வீடு வாங்க வர்றவங்ககூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்க. மொத்தம் எத்தனை படம் வைக்கப் போறீங்க?"

"ஒண்ணு."

அந்தப் பெண்மணி சிரிக்க வாய் திறந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துக் கட்டினார்.

சனிக்கிழமை மதியம் ரூட்டரிலிருந்து சுவரோரமாக வயரை இழுத்து, ஆணியடித்து, பெட்டியை இணைத்தார். படம் எங்கேயும் திக்கவில்லை. ரயில் ஊதியது. தூண் வந்தது. ஓடிவந்த நீலத் தலைத்துணி திரும்பிச் சிரித்தது. நிறுத்தினார்.

தலைத்துணியின் நெசவு தெரிந்தது. நெற்றி வியர்வை தெரிந்தது. தாடை அகலமான, யாரோ ஒரு பெண் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தூணுக்கு வலப்பக்கம் பார்த்தார். பின்வரிசை பார்த்தார். ரயில் ஜன்னல்களைப் பார்த்தார். கயிற்றில் இழை பார்ப்பதுபோல, முகம் முகமாக, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். எல்லா முகமும் பளிச்சென்று இருந்தது. எதுவும் அவள் இல்லை. அவள் ஓடியதை வெட்டி எறிந்துவிட்டார்களா? அது தெரிந்தே வாய்க்கு வந்ததைச் சொன்னாளா? இல்லை, அவளும் அந்தச் சின்ன டிவியில் வேறொருத்தியைப் பார்த்துத் தன்னையென்று நம்பிச் சந்தோஷப்பட்டாளா? யாரிடம் போய்க் கேட்பது? அடுத்த தடவை என்று தள்ளிப்போடாமல் ஒரு தடவையாவது கூடவே உட்கார்ந்து பார்த்திருந்தால், 'அதோ நான்' என்று கத்தும்போது அவள் முகத்தைப் பார்த்தே உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம்.

மகள் போன் செய்தாள். "பெட்டி வேலை செய்யுதாப்பா?"

"செய்யுது."

"நாளைக்குக் காலையில வரேன். அம்மாவை நல்லாப் பாக்கணும்ப்பா. ஒழுங்கா ஒரு தடவை."

"வாம்மா" என்றார்.

போனை வைத்தார். பிறகு டிவியில் பெட்டியின் அமைப்புகளைத் திறந்தார். படத்தை எந்தத் தரத்தில் அனுப்ப வேண்டும் என்று கேட்கும் இடம் ஒன்று இருந்தது. ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, ஆகக் கடைசியில் இருந்ததைத் தேர்ந்தெடுத்துப் போட்டுப் பார்த்தார். நெசவு போயிற்று. தாடை போயிற்று. தூணுக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு கறை ஓடியது.

மகள் வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னப்பா, இப்படி மங்கலா இருக்கு? இதுக்கா நாயா பேயா அலைஞ்சீங்க?"

"பழைய படம்மா. அவ்வளவுதான் வரும்."

"நல்லா ஏமாந்தீங்க போங்க. இருங்க, இருங்க... அதோ! அம்மா! திரும்புறாங்க பாருங்க, அப்பா! சிரிக்கிறாங்க!" அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அப்படியே அம்மாதான்!"

"ஆமா" என்றார் லிஃப்ட்காரர்.

முன்பு அந்தக் கறைக்குள் அவரால் மனைவியின் முகத்தை வைத்துப் பார்க்க முடிந்தது. இப்போது எவ்வளவு மங்கினாலும் அந்த அகலத் தாடை மட்டும் மறையவில்லை. மகளுக்குக் கிடைத்தது அவருக்குப் போய்விட்டது.

"திரும்பப் போடுங்கப்பா."

போட்டார். மகள் திரையைப் பார்த்தாள். அவர் சுவரோரம் அடித்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.