எலோதியாவின் பானையில் எழாத நுரை

எலோதியாவுக்குக் கோபமே வராது என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே எலோதியாதான். ஓஹாகா பள்ளத்தாக்கில் எங்கள் ஊர்ப் பக்கம், கல்யாண வீட்டுக் கொக்கோ நுரையைக் கடைகிறவளுக்கு இந்தப் பெயர் இருந்தாக வேண்டும். மனதில் கடுப்பை வைத்துக்கொண்டு கடைந்தால் நுரை எழும்பாது. இதை நம்பாதவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களும் நுரை கடைகிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள்.

எலோதியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ராசியான கை. மாதக்கணக்கில் மண்ணுக்குள் புதைத்து வைத்த வெள்ளைக் கொக்கோவை அவள் தோண்டி எடுத்தால், விதையெல்லாம் சுண்ணாம்புக்கட்டி போல வெளுத்திருக்கும், ஒன்றுகூட அழுகியிருக்காது. அதை வறுத்த கொக்கோவோடும் பட்டையோடும் அம்மியில் அரைத்து, தண்ணீரில் கரைத்து, மத்தை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினால் பானை வாய்வரை நுரை பொங்கிவரும். ஊரில் பாதிப் பேருக்கு அவள் நுரையில்தான் கல்யாணம் நடந்தது. அதில் சில உருப்படவில்லை. அதற்கு நுரை பொறுப்பல்ல என்று கறாராகச் சொல்லிவிடுவாள்.

இப்போது அவள் மகன் அமாதோவுக்கே கல்யாணம். பெண் வீட்டார் முற்றத்தில் வந்து உட்கார்ந்தாயிற்று. ஆளுக்கொரு சுரைக்குடுக்கையில் சூடான மக்காச்சோளக் கஞ்சி ஊற்றி, மேலே நுரையைக் குவித்துத் தர வேண்டும். நுரை இல்லையென்றால் மாமியாருக்கு மருமகளைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பெண்ணைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதை யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்கென்று பார்த்து நுரை வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எலோதியாவுக்குத் தெரியும். போன வருடத் திருவிழாவில் பெண்ணின் அம்மா செனைதா, இவள் கொடுத்ததைக் குடித்துவிட்டு, ஊர் கேட்கச் சொன்னாள்: "பட்டை வாசனை தூக்கலா இருக்கு. கொக்கோவைத்தான் காணோம்." சாப்பாட்டு விஷயத்தில் பெற்ற தாய்க்கும் பொய் சொல்லாத வாய் அது. எல்லோரும் சிரித்தார்கள். எலோதியாவும் சிரித்துவைத்தாள். அன்றிலிருந்து உள்ளே புகைந்துகொண்டே இருக்கிறது. இன்று காலை அரைக்கும்போதுகூட, "இந்தா, நல்லா மோந்து பாரு" என்று முணுமுணுத்தபடி இரண்டு பங்கு பட்டையை அம்மியில் போட்டிருந்தாள்.

கணவர் நசாரியோ சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். பானையில் நாலு கொப்புளத்தைத் தவிர எதுவும் எழும்பவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தார்.

"இதோ பாரு, அந்தச் செம்மறியாட்டை நரி தூக்கிட்டுப் போகலை. நான்தான் வித்துக் குடிச்சுட்டேன். மனசுல வச்சுக்காதே."

"எனக்கு நரின்னுதான் தெரியும்" என்றாள் எலோதியா. பானையில் இருந்த நாலு கொப்புளமும் உடைந்தது.

பின்னாலேயே நாத்தனார் ஒபிதூலியா வந்தாள். "மதினி, உங்க நீலச் சால்வை தொலையலை. என்கிட்டதான் இருக்கு."

"இப்பப் போர்த்தியிருக்கியே, அதுவா?"

"அதேதான்."

குடும்பத்தில் இன்னும் யார் யார் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று எலோதியாவுக்குப் பயம் வந்துவிட்டது. அப்போது செனைதாவே உள்ளே வந்து பானையைப் பார்த்தாள்.

"கோபமா இருக்கீங்க, சம்பந்தியம்மா."

"எனக்குக் கோபமே வராது."

"பானை வேற மாதிரில்ல சொல்லுது. என் பொண்ணைப் பிடிக்கலேன்னா இப்பவே சொல்லிடுங்க. கூட்டிட்டுப் போயிடறேன்."

"உன் பொண்ணு தங்கம். நீதான்டி…" என்று ஆரம்பித்தாள் எலோதியா. மரியாதை பறந்துவிட்டது. "கல்யாணம் கல்யாணமாக் கடைஞ்சு சம்பாதிச்ச பேரை ஒரே வாயில முழுங்கித் துப்பினியே. நானும் சேர்ந்து சிரிச்சேன். அந்தச் சிரிப்பு இன்னும் தாடையில வலிக்குது. ஒரு வருஷமா எனக்கு ரொட்டி இறங்கலை."

"சொன்னேன், இல்லேங்கலை. நாக்குல பட்டதைச் சொல்லிடுவேன். அன்னைக்கே என் மூஞ்சிக்கு நேரா ரெண்டு திட்டுத் திட்டியிருக்கலாமே?"

"கோபம் வராதுன்னு பேரு வாங்கித் தொலைச்சுட்டேனே, எப்படித் திட்டுறது?"

"இப்பத் திட்டு. யாரு வேண்டாங்கறா?"

எலோதியா திட்டினாள். செனைதாவின் வாய், அந்த வாய்க்கு வாய்த்த கணவர், அவள் வளர்க்கும் வான்கோழி எதையும் விடவில்லை. திட்டுக்குத் தகுந்தபடி கை மத்தை உருட்டிக்கொண்டே இருந்தது. நசாரியோதான் கடைசியில் பயந்து பயந்து "ஏ, பானை" என்றார். நுரை விளிம்பைத் தாண்டி அவள் காலில் வழிந்துகொண்டிருந்தது.

முதல் குடுக்கை செனைதாவுக்குப் போனது. முற்றமே அவள் முகத்தைப் பார்த்தது. அப்போதுதான் எலோதியாவுக்கு அந்த இரண்டு பங்கு பட்டை ஞாபகம் வந்தது. செனைதா குடித்தாள். கண்ணில் லேசாக நீர் கோத்தது. மூக்கு நுனியில் நுரையோடு நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அமாதோவின் பக்கத்தில் அவள் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்குக் கொக்கோ வாசனை பிரமாதம்" என்றாள் செனைதா, எல்லோருக்கும் கேட்கும்படி.

பெற்ற தாய்க்கும் சொல்லாத பொய்யை அந்த வாய் மகளுக்காகச் சொல்லிவிட்டது. எலோதியா அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, "போதும் சம்பந்தியம்மா, மீதியை நாய்க்கு ஊத்திடுங்க" என்றாள் காதோடு.

"நாய் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் செனைதா ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.