அளவெடுக்காத இடுப்பு

மாமா என்றதும் எனக்கு முதலில் நினைவு வருவது அவர் இடுப்பில் சுற்றிக் கட்டும் கட்டம் போட்ட சாரன். கண்டியில் காற்சட்டைக் கடை வைத்திருந்த மனிதர், தாம் ஒரு நாளும் காற்சட்டை போட்டதில்லை. வாடிக்கையாளர் படியேறும்போதே இடுப்பைப் பார்த்து "முப்பத்தி நாலு" என்பார். நாடா வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் பிசகாது. "வயித்த உள்ள இழுத்துக்கிட்டு நிக்காதீங்க தம்பி, எனக்குத் தெரியும்" என்று கேலி வேறு. அந்தக் கேலியைக் கேட்கவே பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு ஓடுவேன்.

மாமாவுக்குக் கையும் காலும் குச்சி. மாமிதான் பருமன், இடுப்புக்குக் கீழே அகலம். பெருநாள் சட்டைக்குத் தையல்காரி அளவெடுத்துவிட்டுப் போனால், எத்தனை அங்குலம் கூடியது என்று மாலைக்குள் குடும்பம் முழுவதும் தெரிந்துவிடும். கலியாண வீட்டில் ஆறு பெண்கள் சுற்றியிருந்து ஒரே சஹன் தட்டில் சாப்பிடும்போது, மாமியின் பக்கத்து இறைச்சியை இழுத்துக்கொள்ளும் கை என்னுடையதாகவே இருக்கும். "போதும் மாமி, ஹார்ட்டுக்குக் கூடாது." மாமி சிரித்துக்கொண்டே தன் பங்கு இனிப்பு வட்டலப்பத்தை மாமாவுக்கு அனுப்பிவிடுவார். "மெலிஞ்ச மனிசன், தின்னட்டும்."

போன வருடம் மாமா கடைப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டொக்டர் இடுப்பளவைக் கேட்டார். ஊரார் இடுப்பையெல்லாம் அறிந்த மாமா கட்டிலில் படுத்தபடி சிரித்தார். "சாரனுக்கு ஏது டொக்டர் நம்பர்?"

நாடாவைச் சுற்றிப் பார்த்தார்கள். மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் பெருத்திருந்தது. இடுப்புக்குக் கீழே தொடைப்பக்கம் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு அவ்வளவாகத் தொந்தரவு தராது என்றும், குடலையும் ஈரலையும் சுற்றிச் சேருவதுதான் சும்மா இருக்காமல் இரத்தத்தில் சீனியை ஏற்றி நாளங்களைக் கெடுக்கும் என்றும் டொக்டர் விளக்கினார். மாமாவுக்குச் சீனி பல வருடமாகவே கூடியிருந்திருக்கும் என்றார். மாமிக்கு மாதாமாதம் சீனி பார்த்த நாங்கள் மாமாவுக்கு ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே உயிர் பிரிந்து மாமா மௌத்தானார்.

மாமி வெளியே வராமல் துக்கம் காக்கும் இத்தாவில் இருந்தபோது மன்னிப்புக் கேட்கப் போனேன். சஹனில் அவர் பக்கத்து இறைச்சியை இழுத்துக்கொண்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாமி என் தலையைத் தடவினார்.

"ஒங்க மேல கோவமில்ல மகள். நீங்க எல்லாரும் என்னப் பாத்தீங்க. அவரப் பாக்க வேண்டியவ நான். நாப்பது வருஷம் பக்கத்துல படுத்தும் எனக்கு வெளங்கல்லயே."