விளையாட்டை விடட்டாம்

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக் குசினி யன்னலில் ஒரு சிறிய போல்ட் கிடக்கிறது. மனைவி தூசி தட்டும்போது அதை எடுத்து, துடைத்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைப்பாள். ஏன் எறியவில்லை என்று அவள் கேட்டதில்லை.

அது மச்சானின் மோட்டார் சைக்கிளில் இருந்தது. மச்சான் என் மனைவியின் தம்பி. பலெர்மோவுக்கு வந்த புதிதில், கபோ சந்தை மீன் கடையொன்றில் விடியற்காலை பெட்டி இறக்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. அவன் இருந்த பிரான்காச்சோவிலிருந்து அந்த நேரத்தில் பஸ் இல்லை. மோட்டார் சைக்கிள் நின்றால் வேலையும் நின்றுவிடும். நானோ அப்போது எங்கள் ஆட்களுக்கெல்லாம் மொழிபெயர்ப்பாளன். வதிவிட அனுமதி அலுவலாகப் போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். என் தலைக்கனமும் கூடவே வரும்.

ஓர் ஓகஸ்டில் என்ஜின் கடகடவென்று சத்தம் போடத் தொடங்கியது. மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது, அவன் வீட்டுத் தெருவிலிருந்த மெக்கானிக் விடுமுறைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். என்ஜினுக்குள்ளே ஓடுகிற கேம் செயின் தளர்ந்திருக்கிறது, பக்கத்திலுள்ள போல்டைத் திருகினால் இறுகும், நீங்களே செய்யலாம் என்றார். ஷட்டரை இழுத்தபடி கடைசியாக, "லாஷா உன் போ தி ஜோக்கோ" என்றார். லாஷா என்றால் விடு. ஜோக்கோ என்றால் விளையாட்டு, என் பிள்ளைகள் நாள் முழுக்கச் சொல்லும் சொல்.

"என்ன சொல்றார் அத்தான்?" என்று மச்சான் கேட்டான்.

"விளையாட்டை விடட்டாம். வடிவா இறுக்கட்டாம்," என்றேன். இறுக்கச் சொன்னது மெக்கானிக் அல்ல, நான்.

மச்சானின் முகம் சுருங்கிவிட்டது. தன்னைப் பார்த்தால் விளையாடுகிறவன் மாதிரியா இருக்கிறது என்று நினைத்திருப்பான். முற்றத்தில் குந்தியிருந்து, நட்டைத் தளர்த்தி, சத்தம் அடங்கும்வரை போல்டைத் திருகினான். இன்னும் திருகச் சொன்னேன். என்ஜின் மெல்லிதாக ஊளையிட்டது. இப்போதுதான் சரி என்று தீர்ப்பும் சொன்னேன்.

மெக்கானிக் திரும்பி வருமுன், சந்தைக்குப் போகிற வழியில் செயின் அறுந்தது. மீன்கடைக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். செப்டெம்பரில் மெக்கானிக் என்ஜினைப் பிரித்து, கழற்றிய போல்டை என் கையில் தந்தார். பிறகு ஒரு புதுச் செயினை இழுத்துப் பிடித்து, விரலால் லேசாக ஆட்டிக் காட்டி, "ஜோக்கோ" என்றார். கொஞ்சம் தொய்வு விடச் சொல்லித்தான் அந்த மனுசன் அன்றைக்குச் சொல்லியிருக்கிறார். அதை விளங்கிக்கொள்ள மொழி தேவையில்லை. மச்சானும் பார்த்துக்கொண்டுதான் நின்றான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. நான் வாய் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான்.

"செயின் பழசெண்டு சொல்றார், என்ன அத்தான்?"

"ஓம்," என்றேன்.

வீட்டிலும் அவன் அதையேதான் சொன்னான். பழைய சாமான் வாங்கினால் இப்படித்தான் என்று என் மனைவி தம்பியை ஏசினாள். நான் குனிந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அவனுடைய இத்தாலியன் என்னுடையதைவிட நல்லது. வேலையிடத்தில் சிரிக்கச் சிரிக்கக் கதைப்பான், சண்டையும் பிடிப்பான். ஆனாலும் போன கிழமை, குடியுரிமை அலுவலகத்துக்கு என்னையும் வரச் சொன்னான். உனக்கு எதற்கு நான் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அங்கே அலுவலர் கதிரையைக் காட்டி ஏதோ சொன்னார். மச்சான் என் பக்கம் திரும்பினான்.

"என்ன சொல்றார் அத்தான்?"

"இருக்கட்டாம்," என்றேன். நான் சொன்ன பிறகுதான் அவன் இருந்தான்.

வீட்டுக்கு வந்து குசினி யன்னலைத் திறந்தபோது போல்ட் கையில் பட்டது. மனைவி வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அதை எறிய எனக்கு முகமில்லை.