வேலை இல்லாதவர்கள் பட்டியல்

எண்பதுகளின் கடைசியில் எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் எங்கள் தோட்ட அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தோட்டத்து வேலைகளைத் திட்டமிட்டுத் தரும் என்றார்கள். டைப்பிங் தெரிந்த ஒரே ஆள் என்பதால், கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக இருந்த என்னை அதன் முன் உட்கார வைத்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த பெண்ணுக்குக் குளிர்சாதன அறை! தலைகால் புரியவில்லை எனக்கு.

நகரத்திலிருந்து வந்தவர் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் தோட்டத்து ஆட்கள் எல்லாருடைய பெயரையும் ஏற்ற வேண்டும். பிறகு வேலைகள்: என்ன வேலை, எந்தப் பிளாக், யார் பொறுப்பு, எப்போது முடியும். ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான் போட முடியும்.

எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுவது ஆண்கள். கீழே சிதறும் பழங்களைப் பொறுக்கிக் கோணியில் கட்டிச் சுமப்பது அவர்களுடைய மனைவிமார். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கணவன் பெயரைக் கூப்பிடுவார். இரண்டு பேரும் கிளம்பிப் போவார்கள். யாரும் அதை விளக்கிச் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருந்ததில்லை. நானும் யோசிக்காமல் ஒவ்வொரு வேலைக்கும் ஆண்கள் பெயரையே தட்டிக்கொண்டு போனேன். அப்பா பெயரையும் அப்படித்தான் தட்டினேன்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர், வேலை ஒதுக்கப்படாதவர்களின் பட்டியலைக் கேட்டார். ஒரு பொத்தானை அழுத்தியதும் தாள் வந்தது. பதினொரு பெயர்கள். அது இவ்வளவு வேகமாக வந்ததே என்ற பெருமையில், படித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் பெரட்டில் மண்டோர் அந்தத் தாளை வாசித்தார். "இவங்களுக்கெல்லாம் இனிமே வேலை இல்லையாம். ஆபிஸ்ல சொல்லிட்டாங்க லா, நான் என்ன பண்றது?" பதினொன்றும் பெண்கள். ஏழாவது பெயர் அம்மாவுடையது. கோணியைக் கையில் பிடித்தபடி அம்மா நின்றதை அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

பெரிய கிராணியிடம் ஓடி உண்மையைச் சொன்னேன். பழம் பொறுக்குவதைத் தனி வேலையாகப் பெண்கள் பெயரில் ஏற்றச் சொன்னார். ஏற்றிவிட்டேன். ஆனால் மேனேஜர் அதற்குள் வெளியூர் போய்விட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் யாரையும் செம்பனைக் காட்டுக்குள் விடமாட்டேன் என்று மண்டோர் சொல்லிவிட்டார். நான்கு நாட்கள் பதினொரு பெண்களும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வேலைக்குப் போகும்போது அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஐந்தாம் நாள் மேனேஜர் வந்து கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் அம்மா கோணியை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "மிஷின் செஞ்ச தப்பும்மா," என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மிஷினுக்கு என்னைத் தெரியுமா? உனக்குத் தெரியும்ல. நீதான சொல்லிருக்கணும்."